சுகாதாரப் பாடம்: ஆண்களுக்கு வரும் புரொஸ்டேட் புற்றுநோயும் குடும்பப் பரம்பரையும்



இந்தப் பாடம் ஆண்களுக்கு மட்டும் வரும் ஒரு நோயைப் பற்றியது. ஆனாலும் வீட்டிலுள்ள பெண்களும் இதை வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் ஸ்கூல் போகும் பிள்ளை வாசித்துக் காட்டட்டும். "ஆம்பளை நோய்க்குப் பொம்பளை எதுக்கு?" என்று கேட்பீர்கள். அதற்குப் பதில்தான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வருகிறேன்.

சுரப்பி எங்கே இருக்கிறது?

புரொஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ஒரு சுரப்பி. மட்டை உரிக்காத பாக்கு அளவு இருக்கும். சிறுநீர் வெளியேறும் குழாய் இதன் நடுவாகத்தான் போகிறது. விந்தோடு கலக்கும் திரவத்தில் ஒரு பகுதியை இது சுரக்கிறது. இளவயதில் இப்படி ஒன்று உடம்பில் இருப்பதே நமக்குத் தெரியாது.

ஐம்பது வயதைத் தாண்டும்போது பலருக்கு இது பருக்கத் தொடங்கும். ராத்திரியில் மூன்று நாலு தரம் எழும்பி ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கும். போய் நின்றாலும் லேசில் வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாக வரும். இப்படிப்பட்ட தொந்தரவு பெரும்பாலும் சாதாரண வீக்கத்தால் வருவது, புற்றுநோயால் அல்ல. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயந்துபோய் மருந்து எடுக்கப் போகாமலே இருப்பவர்கள் நம்மிடையே அதிகம்.

புற்றுநோய் வேறு மாதிரி. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தொடங்கும். குழாயை நெருக்காது. அதனால் ஆரம்பத்தில் வலியும் இல்லை, தொந்தரவும் இல்லை. சில பேருக்கு அது பத்துப் பதினைந்து வருஷம் அப்படியே மெதுவாகக் கிடக்கும், உயிருக்கு ஒன்றும் செய்யாது. வேறு சில பேருக்கு வேகமாக வளர்ந்து எலும்புக்குப் போய்விடும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு என்று பிடிக்கும். அப்போதுதான் வலி தெரியும். "கவ்வாத்து வெட்டுற ஆளுக்கு முதுகு வலிக்காம என்ன செய்யும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுவோம். உண்மையில் நம் ஆட்களின் முதுகுவலியில் அனேகம் வேலையால் வருவதுதான். ஆனால் வயதான ஒருவருக்கு, படுத்தாலும் அடங்காமல் ராத்திரியில் கூடும் வலி என்றால் அதை டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 14½ இலட்சம் ஆண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் செய்யும் வேலை அது, எல்லோருக்கும் தெரியும். புரொஸ்டேட் புற்றுநோயும் ஆண்களிடம் அதிகம் காணப்படும் முதல் சில புற்றுநோய்களில் சேர்கிறது. ஆனால் இதற்கு வெற்றிலை மாதிரி கையால் தொட்டுக் காட்டக்கூடிய காரணம் இல்லை. நிச்சயமாகத் தெரிந்தவை மூன்றே மூன்று: வயது, வம்சம், குடும்பம். வயது கூடக் கூட நோய் கூடும். ஆபிரிக்க வம்சத்தவர்களுக்கு மற்றவர்களை விட அதிகமாக வருகிறது. இங்கிலாந்தில் 2015இல் வெளியான ஒரு கணக்கின்படி, வாழ்நாளில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படுவது அங்குள்ள கறுப்பின ஆண்களில் நாலு பேரில் ஒருவருக்கு, வெள்ளையரில் எட்டுப் பேரில் ஒருவருக்கு, ஆசிய வம்சத்தவரில் 13 பேரில் ஒருவருக்கு. மூன்றாவது காரணமான குடும்பத்தைப் பற்றித்தான் இனிப் பேசப் போகிறோம்.

விதைத் தேயிலையும் வி.பி. தேயிலையும்

பரம்பரை என்றால் என்ன என்று விளக்கப் பெரிய படிப்பு வேண்டாம். மலைக்குப் போகிறவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் ஒரு தினுசு. ஒன்றின் இலை பெரிசு, ஒன்றின் இலை சிறிசு. ஒன்று சீக்கிரம் துளிர்க்கும். இன்னொன்று பங்குனி வெயிலுக்கு முதல் ஆளாக வாடும். வி.பி. மலையில் அப்படியில்லை. தாய்ச் செடியிலிருந்து ஒரு இலையோடு தண்டை வெட்டி நாற்றுமேடையில் நட்டு எடுத்தது அது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் இலக்கம் போட்டுக் கொடுத்த செடி. ஒரு இலக்கத்துச் செடி அத்தனையும் ஒரே குணம். ஒன்று தாங்கும் வரட்சியை எல்லாம் தாங்கும். ஒன்றுக்கு வரும் கொப்புள நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

மனிதர்கள் விதைத் தேயிலை மாதிரி. அம்மாவிடம் பாதி, அப்பாவிடம் பாதி வாங்கி, ஆளுக்கு ஒரு கலவையாகப் பிறக்கிறோம். நம் உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் 23 சோடி நிறமூர்த்தங்கள் உண்டு. சோடியில் ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. இந்த நிறமூர்த்தங்களில் சுமார் 20,000 பரம்பரையலகுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பரம்பரையலகும் உடம்புக்குக் கொடுக்கும் ஒரு கட்டளை. டி.என்.ஏ. என்னும் பொருளில், நாலே நாலு எழுத்துக்களால், அது எழுதப்பட்டிருக்கிறது.

எழுதியது என்றால் எழுத்துப் பிழையும் இருக்கும், இல்லையா? எழுத்துப் பிழையின் கஷ்டம் நம் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். பிறப்புப் பத்திரத்தில் "பெரியசாமி" என்பதற்குக் குறில் நெடில் மாறி விழுந்தால் பெரிய பாதகமில்லை, ஆளைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் "ராமாயி" என்பதை "ராமையா" என்று எழுதிவிட்டால், அந்த அம்மா ஈ.பி.எப். காசு எடுக்கப் போகும் நாளில் அலைய வேண்டும். பிழையோ சின்னது, விளைவோ பெரிசு. பரம்பரையலகில் வரும் மாற்றங்களும் இப்படித்தான். அனேகமானவை ஒன்றும் செய்யாது. சில கொஞ்சம் தொந்தரவு செய்யும். மிகச் சில பெரிய ஆபத்தைக் கொண்டு வரும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அப்பாவின் பத்திரத்தில் உள்ள பிழை மகனுடைய பத்திரத்திலும் அப்படியே பதிவாகும். அது பரம்பரையாக வந்த பிழை. பத்திரம் சரியாக இருந்து, பிறகு கூரை ஒழுகி எழுத்து அழிந்தால் அது வாழ்நாளில் வந்த பிழை, பிள்ளைக்குப் போகாது. எந்தப் புற்றுநோயும் பரம்பரையலகுப் பிழையால்தான் வருகிறது. ஆனால் அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை வாழ்நாளில், அந்த ஒரு உறுப்பில் வந்தவை. பிறக்கும்போதே கொண்டு வந்த பிழை உள்ளவர்கள் கொஞ்சப் பேர்தான்.

இரட்டைப் பிள்ளைகள் சொன்ன சாட்சி

ஒரு வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நோய் வந்தால் அது பரம்பரையா, அல்லது ஒரே லயத்தில் ஒரே சோற்றைச் சாப்பிட்டு வாழ்ந்ததாலா? நியாயமான கேள்வி. இதைப் பிரித்தறிய ஆராய்ச்சியாளர்கள் இரட்டைப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள்.

ஒரே முகச் சாயலுள்ள இரட்டையர் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். ஒரே தாய்ச் செடியில் வெட்டிய இரண்டு வி.பி. தண்டு என்று வையுங்கள். முகம் மாறிய இரட்டையர் கூடப்பிறந்தவர்கள் மாதிரிதான், ஒரே நேரத்தில் விழுந்த இரண்டு விதைகள். இரண்டு வகையினரும் ஒரே வீட்டில் ஒரே மாதிரி வளர்கிறார்கள். அப்படியிருந்தும் முதல் வகையில் ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் அதிகமாக வருகிறதென்றால், அந்தக் கூடுதல் பரம்பரையின் கைவரிசை.

சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளில் 44,788 சோடி இரட்டையரின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். புரொஸ்டேட் புற்றுநோயில் பரம்பரையின் பங்கு 42 வீதம். 2016இல் இன்னும் பெரிய தொகையினரைப் பார்த்தபோது அது 57 வீதம் என்று வந்தது. சாதாரணமாக வரும் புற்றுநோய்களில் இந்த அளவு பரம்பரைப் பங்குள்ளவை மிகக் குறைவு.

இந்த இலக்கத்தைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். நோய் வந்த 100 பேரில் 57 பேருக்கு அப்பா அம்மாவால் வந்தது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஓர் ஆளுக்கும் இன்னோர் ஆளுக்கும் நோய் வரும் வாய்ப்பில் ஒரு வித்தியாசம் இருக்கிறதே, அந்த வித்தியாசத்தில் பரம்பரைக்கு உள்ள பங்குதான் இது. மிச்சம் வயது, வாழ்க்கை, தற்செயல். ஒரே இலக்கத்து வி.பி. செடி மேட்டில் நிற்பதும் பள்ளத்தில் நிற்பதும் ஒன்றா?

நாம் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இதைவிட எளிது. அப்பாவுக்கோ, கூடப்பிறந்த ஒருவருக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. இரண்டு மூன்று பேருக்கு இருந்தால் இன்னும் கூடும். அறுபது வயதுக்கு முன்னால் அவர்களுக்கு வந்திருந்தால் அதிலும் கூடும்.

இரண்டு வாச்சர்

இப்போது பரம்பரையலகில் ஒன்றின் பெயரைச் சொல்கிறேன். பி.ஆர்.சி.ஏ.2. வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள், டொக்டர் சொல்லக்கூடும். இது 13ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்த குடும்பங்களை ஆராய்ந்து 1994இல் இடத்தைக் குறித்தார்கள். 1995இல் பிரிட்டனில் மைக்கல் ஸ்ட்ரட்டன் என்ற விஞ்ஞானியின் குழு பரம்பரையலகையே பிடித்துவிட்டது.

இதன் வேலை பழுது பார்ப்பது. கலம் இரண்டாகப் பிரியும்போதும் மற்ற நேரங்களிலும் டி.என்.ஏ. இழை அடிக்கடி அறும். அறுந்த இழையைச் சரியாக ஒட்டவைக்கும் கூட்டத்தில் முக்கியமான ஆள் பி.ஆர்.சி.ஏ.2. ஒட்டாமல் விட்டால் பிழை சேரும். பிழை சேரச் சேரக் கலம் கட்டுமீறிப் பெருகும். அதுதான் புற்றுநோய்.

இஸ்டோருக்கு இரண்டு வாச்சர் காவல் என்று வையுங்கள். ஒருவர் அம்மா அனுப்பியவர், ஒருவர் அப்பா அனுப்பியவர். ஒருவர் அயர்ந்தாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார். பிழையான பி.ஆர்.சி.ஏ.2 ஒன்றோடு பிறந்தவருக்கு ஒரு வாச்சர் முதல் நாளிலிருந்தே தூக்கம். மற்றவர் ஒற்றை ஆளாக நாற்பது ஐம்பது வருஷம் சமாளிப்பார். ஏதாவது ஒரு கலத்தில் அவரும் விழுந்துவிட்டால் அங்கே காவல் இல்லை. பிழையோடு பிறந்தவர்களுக்கும் சின்ன வயதில் நோய் வராமல் பிறகு வருவதும், சில பேருக்குச் சாகும்வரை வராமலே போவதும் இதனால்தான். பிழை இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு.

எவ்வளவு ஆபத்து? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பி.ஆர்.சி.ஏ.2 பிழையுள்ள ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2020இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். 75 வயதுக்குள் 27 வீதமானவர்களுக்கும், 85 வயதுக்குள் 60 வீதமானவர்களுக்கும் புரொஸ்டேட் புற்றுநோய் வரலாம். அது அந்த நாட்டுக் கணக்கு. அங்கே இந்த நோயே அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மடங்குக் கணக்கை விட முக்கியமானது இன்னொன்று. இந்தப் பிழையோடு வரும் நோய் வேகமான ரகம். 2016இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், நோய் உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவிவிட்ட 692 ஆண்களைச் சோதித்தார்கள். அவர்களில் 82 பேருக்கு, அதாவது எட்டில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட, பி.ஆர்.சி.ஏ.2 அல்லது அதைப் போன்ற பழுதுபார்க்கும் பரம்பரையலகு ஒன்றில் பிறவிப் பிழை இருந்தது. சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நோய் உள்ளவர்களிடம் இது இவ்வளவு இல்லை.

கெட்டதிலும் ஒரு நல்லது உண்டு. பழுது பார்க்கத் தெரியாத கலத்தை அந்தப் பலவீனத்தை வைத்தே கொல்லும் மருந்துகள் வந்துவிட்டன. ஒலாபரிப் என்பது அப்படி ஒன்று. 2020இலிருந்து பரவிய புரொஸ்டேட் நோய்க்கும் அது பாவிக்கப்படுகிறது. விலை கூடிய மருந்து. ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று முடிவு செய்யவே நோயாளியின் பரம்பரையலகைத் தெரிந்துகொள்வது உதவுகிறது.

அம்மா வழியைக் கேட்காமல் விடுகிறோம்

முன்னால் சொன்ன பதில் இதோ. பி.ஆர்.சி.ஏ.2 பிழை பெண்களுக்கும் அதே அளவு இறங்கும். அவர்களுக்குப் புரொஸ்டேட் இல்லை. ஆனால் மார்பகத்திலும் சூலகத்திலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அது வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளைக்குப் பிழையைக் கொடுக்க முடியும். அப்பாவிடமிருந்தானாலும் அம்மாவிடமிருந்தானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசு சுண்டிப் போடுகிற மாதிரி. நாலு பிள்ளை இருந்தால் கட்டாயம் இரண்டு பேருக்கு என்பதில்லை, நாலு பேருக்கும் போகலாம், ஒருவருக்கும் போகாமலும் இருக்கலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தேழு வயது ஆள் ஒருவர் கிளினிக்குக்குப் போகிறார். டொக்டர் கேட்கிறார்: "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" "இல்லைங்க ஐயா. அப்பா எண்பது வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு." டொக்டர் அப்படியே எழுதிக்கொள்கிறார். ஆனால் அந்த ஆளின் சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி, முப்பத்தெட்டு வயதில் மார்பில் கட்டி வந்து இறந்து போனவர். அம்மாவின் அப்பா கடைசி ஒரு வருஷம் இடுப்பு வலியோடு படுக்கையில் கிடந்து போனவர். இது இரண்டும் சொல்லப்படவே இல்லை. காரணம் அந்த ஆள் மறைத்தார் என்பதல்ல. "அது அம்மா பக்கத்து ஆளுங்க, அது பொம்பளைங்க நோய்" என்று அவருக்கு நினைவிலேயே வரவில்லை.

நம் வீடுகளில் வம்சம் என்றால் அப்பா, தாத்தா என்று ஒரு பக்கம்தான் எண்ணுவோம். சாமி கும்பிடுவதற்கு அது சரி. பரம்பரையலகுக்கு அது தெரியாது. தாய்மாமன், அம்மாவைப் பெற்ற தாத்தா, பெரியம்மா, சின்னம்மா, அத்தை, அக்கா தங்கச்சி எல்லோரும் கணக்கில் சேர வேண்டும்.

இதைப் பெண்கள் பக்கமிருந்தும் பாருங்கள். ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ வேகமான புரொஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தால், மகளும் தங்கச்சியும் அதைத் தங்கள் கிளினிக்கில் சொல்ல வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள். அங்கே போகும்போது, "எங்க அப்பாவுக்கு இந்த நோய் இருந்தது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சின்னச் சின்னப் பிழைகள்

பி.ஆர்.சி.ஏ.2 மாதிரி பெரிய பிழை உள்ள குடும்பங்கள் கொஞ்சம்தான். 2012இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஹொக்ஸ் பி 13 என்ற பரம்பரையலகில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது நோயைப் பல மடங்கு கூட்டுகிறது என்று கண்டார்கள். ஆனால் அந்த மாற்றம் முக்கியமாக வட ஐரோப்பிய வம்சத்தவரிடம் உள்ளது. இப்படி ஒவ்வொரு வம்சத்துக்கும் தனித்தனிப் பிழைகள் உண்டு.

மிச்சமுள்ளவை எல்லாம் பொடிப் பிழைகள். 2006இல் 8ஆம் நிறமூர்த்தத்தில் ஓர் இடம் பிடிபட்டது. பிறகு தேடத் தேடக் கூடி, 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 451 இடங்கள் ஆகிவிட்டன. நோயுள்ளவர்கள் மட்டுமே 1,56,000க்கு மேற்பட்டவர்களைப் பார்த்துச் செய்த ஆய்வு அது. ஒவ்வொரு பொடிப் பிழையும் தனியே ஒன்றும் பெரிதாகச் செய்யாது. கூடையில் ஒரு கொழுந்து போட்டால் பாரம் தெரியுமா? நூறு நூறாகச் சேர்ந்தால்தான் நிறுவையில் காட்டும். இவற்றையெல்லாம் கூட்டி ஓர் ஆளுக்கு இவ்வளவு ஆபத்து என்று புள்ளி போடும் முறையும் வந்திருக்கிறது. ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவர்கள் ஐரோப்பிய வம்சத்தவர்கள். தெற்காசிய வம்சத்தவர்கள் குறைவு. அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நாம் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே, "எச்சில் கொடுங்கள், உங்கள் எதிர்காலத்தைச் சொல்கிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் காசைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை

ஒரு வீட்டில் மூன்று பேர் புற்றுநோயில் போனால் லயத்தில் பேச்சு கிளம்பும். செய்வினை என்பார்கள். குலசாமி குற்றம் என்பார்கள். அந்த வீட்டில் பொண்ணு எடுக்காதே, கொடுக்காதே என்பார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் நோயை மறைக்கிறார்கள். மறைத்ததால் தம்பிக்கும் தெரியாமல் போகிறது, அவனும் பிந்தித்தான் கிளினிக்குக்கு வருகிறான். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. பிழையான பரம்பரையலகு எல்லா வம்சத்திலும், எல்லாச் சாதியிலும், பங்களாவிலும் லயத்திலும் இருக்கிறது.

முறைப்பெண் கல்யாணத்தால் இது வருகிறதா என்றும் கேட்கிறார்கள். இல்லை. இந்த நோய்க்கு ஒரு பக்கத்துப் பிழையே போதும், சொந்தத்தில் கட்டியதால் அது உண்டாவதில்லை. ஆனால் பி.ஆர்.சி.ஏ.2 பிழை இருக்கிறது என்று பரிசோதனையில் உறுதியான குடும்பத்துக்குள்ளேயே மாமன் மகளைக் கட்டினால், இருவரிடமும் அதே பிழை இருக்க இடமுண்டு. அப்போது நாலில் ஒரு வாய்ப்பாகப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பிழை இறங்கலாம். அது பன்கோனி சோகை என்ற அபூர்வமான, கடுமையான நோயைக் கொண்டு வரும். அப்படிப்பட்ட குடும்பம் பேச்சு வார்த்தைக்கு முன்னால் டொக்டரிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

என்ன செய்யலாம்?

முதல் வேலைக்கு ஒரு சதம் செலவில்லை. வீட்டுக் கொப்பியில் இருந்து ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கத்து ஆட்களையும் எழுதுங்கள். யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில் வந்தது, எந்த வயதில் இறந்தார். நோயின் பெயர் தெரியாவிட்டால் கண்டதை எழுதுங்கள்: "மார்பில் புண்", "வயிறு வீங்கி", "ஒண்ணுக்கு அடைத்து, பிறகு இடுப்பு வலி". டொக்டருக்கு அது போதும்.

நம் ஜனங்களுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. 1964 ஒக்டோபரில் எழுதிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று. அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏறினார், தம்பி தோட்டத்தில் நின்றுவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து எடுக்கிறார்கள். பரம்பரையலகு பாஸ்போர்ட் பார்த்துப் பிரியவில்லை. அங்கே இருக்கும் பெரியப்பா மகனுக்கு என்ன நோய் வந்தது என்பது இங்கே இருப்பவருக்கு உபயோகமான செய்தி, இங்கே நடந்தது அவர்களுக்கும் அப்படியே. முன்பு கடுதாசி போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது பிள்ளைகளின் கையிலிருக்கும் போனில் கேட்கலாம். தீபாவளிக்குப் பேசும்போது ஒரு கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

தாளைப் பார்த்த பிறகு, கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் டொக்டரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். அப்பா, கூடப்பிறந்தவர், தாத்தா, மாமன், சித்தப்பா என்று ஒரு பக்கத்தில் இரண்டு பேருக்குப் புரொஸ்டேட் புற்றுநோய், அல்லது ஒருவருக்கே அறுபது வயதுக்கு முன்னால். ஐம்பது வயதுக்கு முன்னால் மார்பகப் புற்றுநோய் வந்த பெண். எந்த வயதானாலும் சூலகப் புற்றுநோய் வந்த பெண். மார்பகப் புற்றுநோய் வந்த ஆண், அப்படியும் நடப்பதுண்டு.

சாதாரணமாக இந்த நோய் பற்றிய பேச்சை ஐம்பது வயதில் டொக்டரிடம் தொடங்கலாம். குடும்பத்தில் இருந்தால் நாற்பத்தைந்தில். பி.ஆர்.சி.ஏ.2 பிழை உறுதியானவர் நாற்பதில். டொக்டர் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையை எழுதித் தரக்கூடும். பி.எஸ்.ஏ. என்பது இந்தச் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். அது இரத்தத்தில் கூடினால் புற்றுநோய் என்று முடிவுகட்டக் கூடாது. சாதாரண வீக்கத்திலும் கூடும், கிருமி பிடித்தாலும் கூடும், ஒண்ணுக்குப் போகக் குழாய் போட்டிருந்தாலும் கூடும். ஆபத்தில்லாத மெதுவான நோயைக் கண்டுபிடித்துவிட்டு வீணாகச் சத்திரசிகிச்சைக்குப் போய்ச் சிரமப்பட்டவர்களும் உலகத்தில் நிறைய. அதனால்தான் எல்லா ஆண்களும் ஓடிப்போய் இதைச் செய்ய வேண்டும் என்று நான் எழுதவில்லை. குடும்பத்தில் நோய் உள்ளவர்களுக்கு இதனால் கிடைக்கும் பிரயோசனம் கூட.

பின்பக்கமாக விரல் விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. கூச்சப்பட்டு இதற்காகவே போகாமல் இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு நிமிஷ வேலை. டொக்டருக்கு அது தினமும் செய்யும் காரியம்.

பரம்பரையலகுப் பரிசோதனை கடைசிப் படி. அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முடிந்தால் நோய் வந்தவருக்குத்தான் முதலில் செய்ய வேண்டும். அவரிடம் பிழை இன்னது என்று தெரிந்தால் மற்றவர்களிடம் அதே இடத்தைத் தேடிப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லலாம். நோய் இல்லாதவரிடம் தொடங்கினால், "மாற்றம் இருக்கிறது, ஆனால் நல்லதா கெட்டதா தெரியாது" என்றும் பதில் வரலாம். நம் வம்சத்துத் தகவல் குறைவாக இருப்பதால் அப்படிப் பதில் வருவது நமக்குக் கூட. அதை வைத்து யாரும் மனம் குழம்பக் கூடாது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ கண்டி தேசிய வைத்தியசாலையிலோ புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், தங்களைப் பார்க்கும் நிபுணரிடமே இதைக் கேட்கலாம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் மனிதப் பரம்பரையியல் பிரிவு ஒன்று இருக்கிறது.

ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போய்விடும், பஸ் காசு வேறு. தெரியாமல் எழுதவில்லை. அதனால் போகும் நாளை வீணாக்காமல் போங்கள். எழுதிய தாளை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே வையுங்கள். பாவிக்கும் மருந்துகளின் பெயர், பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், நோய் இருந்த உறவினரின் ஆஸ்பத்திரித் துண்டு கிடைத்தால் அதன் பிரதி, எல்லாம் அதோடு இருக்கட்டும். வயதானவரோடு மகளோ மருமகளோ கூடப் போனால் அம்மா பக்கத்து விஷயங்களை அவர்கள் ஞாபகமாகச் சொல்வார்கள்.